அறிந்தோர் அவையும் அறியாதோர் மேடையும்

கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுதலைப் பற்றி வாதிட்டுக்கொண்டு வரும் புனித பவுல், தீயோர் கூட்டுறவால் விளையும் கேட்டைப் பற்றிய முதுமொழி ஒன்றை இடையே எடுத்தாள்கிறார். மறையுரைகளில் நாம் பலமுறை கையாண்ட வரி அது. ஏதென்ஸ் நகரத்து இன்பியல் நாடக ஆசிரியர் மெனாண்டரிடமிருந்து பவுல் அதனைப் பெற்றார் எனப் புனித எரோணிமுஸ் குறித்துள்ளார். குருமட நாள்களில் இச்செய்தியை விரிவுரையில் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதோடு சரி. அந்த மெனாண்டரை எடுத்துப் படிப்பதற்கு நமக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. படித்தபோது நம்மைத் தடுத்து நிறுத்தியது அவருடைய நகைச்சுவை அன்று, நாடகங்களின் முன்னுரை. அதைப் பற்றியே இங்கு எழுதத் துணிகிறோம்.

முன்னுரை என்றதும் தமிழ் கற்றோர்க்குப் பாயிரம் நினைவுக்கு வரும். பாயிரம் நூலுக்குப் புறத்தே நின்று, ஆக்கியோன் யார், நுதலிய பொருள் எது, பயன் யாது எனக் கூறுவது. கிரேக்கர் ‘புரோலோகோஸ்’ என்றது வேறு. பாடற்குழுவினர் முதன்முதலாக அரங்கினுள் நுழையும்வரை நடப்பது முழுவதும் அப்பெயர் பெறும் என்று துன்பியலைப் பற்றிப் பேசுகையில் அரிஸ்டாட்டில் வரையறுக்கிறார். பழைய இன்பியலுக்கும் அது பொருந்தும். இன்பியலுக்கு முகமூடியையும் முன்னுரையையும் முதலில் அளித்தவர் யாரென அறிய முடியவில்லை என்பதும் அவர் கூற்றே. பிற்காலத்தில் இச்சொல்லின் பொருள் சுருங்கியது. ஒருவர் தனித்து நின்று, அவையோரை நோக்கிக் கதையின் பின்னணியை எடுத்துரைக்கும் பகுதியே முன்னுரை என்றாயிற்று.

முதலில் அரிஸ்டோபனீசைப் பார்ப்போம். கி.மு. 425-இல் மேடையேறிய ‘அக்கார்னியர்’ நாடகத்தின் தொடக்கத்தில், திகையோபொலிஸ் என்னும் எளிய உழவர் மக்கள் மன்றம் கூடும் குன்றின்மேல் விடியற்காலையில் தனியே அமர்ந்திருக்கிறார். மன்றத்துக்கு ஒருவரும் வந்து சேரவில்லை. தம் வாழ்வில் தாம் பட்ட துன்பங்கள் எத்தனை, அடைந்த இன்பங்கள் எத்தனை என்று கணக்கிடுகிறார். இன்பக் கணக்கு விரைவில் தீர்ந்துவிடுகிறது. ஸ்பார்த்தாவோடு நடந்த போரின் ஆறாம் ஆண்டு அது. ஊரையும் நிலத்தையும் விட்டு நகர மதிலுக்குள் அடைபட்ட உழவர் அவர். கரியும் காடியும் எண்ணெயும் காசு கொடுத்து வாங்கு என்று எவரும் கூவாத தம் சிற்றூரை நினைத்து ஏங்குகிறார். கேட்டுக்கொண்டிருந்த பார்வையாளருள் பலரும் அவ்வாறே ஊரை விட்டு வந்தவர்கள்தாம். இம்முன்னுரை அவர்களுக்குப் புதிதாக எதையும் அறிவிக்கவில்லை. மேடையில் இருப்பவருக்குத் தெரிந்தது எவ்வளவோ அவ்வளவே அவையோருக்கும் தெரியும். ஒரே படகில் இருவரும் அமர்ந்திருக்கின்றனர்.

மூன்றாண்டு கழித்து வந்த ‘குளவிகள்’ நாடகத்தில் உத்தி இன்னும் தேர்ச்சி பெறுகிறது. வீடு முழுவதும் வலை போர்த்தப்பட்டிருக்கிறது. வாயிலில் அடிமைகள் இருவர் காவல் நின்றபடியே தூங்கி வழிகின்றனர். தாம் கண்ட கனவுகளைச் சொல்லிச் சிரிக்கின்றனர். அவர்களுள் ஒருவர் திடீரென அவையோர் பக்கம் திரும்பி, எம் முதலாளியின் தந்தைக்கு ஒரு விந்தையான நோய், அது என்னவென்று ஊகியுங்கள் என்கிறார். சூதாட்டமோ, குடியோ என்று அவையிலிருந்து விடைகள் வருவதுபோல் பாவனை செய்து, ஒவ்வொன்றாக மறுத்துவிட்டு, இறுதியில் உண்மையை உடைக்கிறார்: கிழவருக்கு வழக்குமன்ற நடுவராக அமர்வதில் தீராத வெறி. ஆண்டுதோறும் ஆறாயிரம் குடிமக்கள் நடுவர் பட்டியலில் இடம்பெற்ற நகரம் ஏதென்ஸ்; மூன்று ஓபல் அன்றாடக் கூலி. விடையைக் கேட்டுச் சிரித்தவர்களுள் எத்தனை பேர் மறுநாள் காலையில் அதே கூலிக்காக வரிசையில் நின்றிருப்பர்! பாடற்குழு நுழைவதற்குள் ஏறத்தாழ 230 அடிகள் இவ்வாறே ஓடிவிடுகின்றன. மந்தமாக இருக்கும் கூட்டத்தைத் தட்டி எழுப்பி, சிரிக்க வைத்து, நகைக்கப்படுவோர் அவர்களே என்று மெல்ல உணர்த்தும் வேலை இது. திருப்பலிக்கு வந்திருப்போரின் கவனத்தை மறையுரையின் முதல் இரண்டு நிமிடங்களில் ஈர்க்க முடியாமல் தவித்த எவரும் இக்கலையைப் பொறாமையோடுதான் நோக்குவர்.

துன்பியல் ஆசிரியர் யூரிபிடீஸ் வேறுவகை முன்னுரையை வளர்த்தார். தெய்வமோ மாந்தரோ தனியே வந்து, குலவரலாறு தொடங்கி அனைத்தையும் வரிசையாகச் சொல்லிவிடும் முன்னுரை அது. கி.மு. 405-இல் வந்த ‘தவளைகள்’ நாடகத்தில் அரிஸ்டோபனீஸ் அதனைக் கிழித்தெறிகிறார். கீழுலகில் யூரிபிடீஸ் தம் முன்னுரைகளின் முதல் அடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எஸ்கிலஸ் ஒவ்வோர் அடியின் முடிவிலும் ‘எண்ணெய்க் குப்பியைத் தொலைத்தான்’ என்னும் பொருள்பட ஒரு தொடரை ஒட்டவைக்கிறார். எல்லா அடிகளோடும் அது பொருந்திப் போகிறது. முன்னுரைகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதற்கு இதைவிட நல்ல திறனாய்வு எழுதப்பட்டதாக நாம் கண்டதில்லை. ஆனால், அன்று இன்பியல் எள்ளி நகையாடிய அதே முன்னுரையை, தொண்ணூறு ஆண்டுகளுக்குள் இன்பியலே தன் வீட்டுக்குள் அழைத்து அமர்த்திக்கொண்டது.

அதற்குக் காரணங்கள் உண்டு. பாடற்குழுவின் தலைவர் ஆசிரியரின் குரலாக நின்று நகரத்தாரை நேரே இடித்துரைக்கும் வழக்கம் மறைந்தது. பாடற்குழுவே அங்கங்களுக்கு இடையில் ஆடிப்பாடிச் செல்லும் இடைநிரப்பாகச் சுருங்கியது. கி.மு. 338-க்குப் பின் மக்கெதோனியரின் கை ஓங்கியதும், ஆட்சியாளரைப் பெயர் சொல்லி நகையாடும் நாடகம் தளர்ந்தது. மேடை வீட்டுக்குள் திரும்பியது. கைவிடப்பட்ட குழந்தை, காணாமற்போன உடன்பிறப்பு, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட அன்பு ஆகியவை கதைகளாயின. இக்கதைகளில் மாந்தர் ஒருவரையொருவர் அறியார். யாராவது ஒருவர் அறிந்தாக வேண்டுமே! அந்த அறிவு பார்வையாளருக்குத் தரப்பட்டது.

கி.மு. 316-இல் முதற்பரிசு பெற்ற ‘சிடுமூஞ்சி’ நாடகத்தில், மெனாண்டர் இவ்வறிவைப் பான் என்னும் ஆயர் தெய்வத்தின் வாயிலாகத் தருகிறார். பீலே என்னும் மலையூரில் உள்ள குகைக்கோயிலிலிருந்து பான் வெளிவந்து, அண்டை நிலத்துக் கினேமோனைப் பற்றிச் சொல்கிறார். எவரிடமும் முகங்கொடுத்துப் பேசாத முதியவர் அவர். மனைவி பிரிந்து சென்றுவிட்டார். மகள் உடன் இருக்கிறாள். வழிப்போக்கருக்கு அவர் தாமாக வணக்கம் சொன்னதே இல்லை; அண்டை வீடு என்பதால் தமக்கு மட்டும் வேறு வழியின்றி ஒரு வணக்கம் சொல்வார், சொன்ன உடனே அதற்காக வருந்துவார் என்று பான் முறையிடும் இடத்தில் நாம் வாய்விட்டுச் சிரித்தோம். அப்பெண்ணின் பக்திக்குக் கைம்மாறாகச் செல்வந்தர் வீட்டு இளைஞன் ஒருவனை அவள்மேல் காதல் கொள்ளச் செய்திருப்பதாகக் கூறி, முக்கியமானவை இவை, மீதியை விரும்பினால் காணுங்கள், விரும்புங்கள் என்று வேண்டிக்கொண்டு பான் மறைகிறார். மீண்டும் மேடையில் தோன்றுவதில்லை. முதியவர் கிணற்றில் விழப்போவதை அவர் நமக்குச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எது நேருமென்று ஓரளவு தெரியும். எவ்வாறு நேருமென்று தெரியாது. முடிவைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்போர்க்கு, வியப்பு நொடியில் மறைவது, எதிர்பார்ப்பே நீடிப்பது என்னும் கருத்துப்பட ஜெர்மானியத் திறனாய்வாளர் லெஸ்ஸிங் 18-ஆம் நூற்றாண்டிலேயே விடை கூறிவிட்டார்.

இந்நாடகம் நம் கைக்கு வந்த வழியும் சொல்லத்தக்கது. எகிப்தில் கிடைத்து, சுவிட்சர்லாந்து நாட்டு நூல் சேகரிப்பாளர் மார்ட்டின் போட்மரிடம் வந்து சேர்ந்த பப்பிரஸ் ஏடுகளுள் இதுவும் ஒன்று. விக்டர் மார்ட்டின் 1958-இல் இதனைப் பதிப்பித்தார். அதே தொகுதியில் இருந்த யோவான் நற்செய்தியின் மிகப் பழைய ஏடு ஒன்றை 1956-இல் பதிப்பித்தவரும் அவரே. பானின் முன்னுரையும் யோவானின் முன்னுரையும் ஒரே மணலிலிருந்து எழுந்து வந்தன எனலாம். யோவானின் முதல் பதினெட்டு வசனங்களில் வாக்கு யார் என்பது நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. நிக்கதேமும் சமாரியப் பெண்ணும் பிலாத்தும் அதைக் கேட்டவர்கள் அல்லர். அதனாலேயே அவர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் நமக்கு இரட்டைப் பொருள் தருகிறது. நற்செய்தியாளர் நாடகத்தைப் பார்த்து எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை. வேறுபாடும் பெரிது: பான் குகைக்குள் போய்விடுகிறார், யோவானின் முன்னுரையில் சொல்லப்பட்டவரோ களைப்புற்றுக் கிணற்றருகில் வந்து அமர்கிறார்.

‘கேடயம்’ நாடகத்தில் மெனாண்டர் முன்னுரையைத் தாமதப்படுத்துகிறார். முதலில் வருவது சாவு வீட்டுக் காட்சி. லிக்கியாவில் நடந்த போரிலிருந்து தாவோஸ் என்னும் முதிய அடிமை, இளம் முதலாளியின் நசுங்கிய கேடயத்தையும் போரில் கிடைத்த பொருள்களையும் கொண்டுவருகிறார். தாம் வளர்த்த பிள்ளை இறந்துவிட்டான் என்று புலம்புகிறார். வெயிலில் ஊதிப்போன பிணத்தின் முகத்தை அடையாளம் காண முடியவில்லை, கேடயமே சான்று. தந்தையின் உடன்பிறந்தவரான பேராசைக்காரரின் கண் துக்கத்தின் நடுவிலும் பொருளின்மேல் மேய்கிறது. அவர்கள் உள்ளே சென்ற பின்னரே ஒரு தெய்வம் வருகிறது. இவர்களுக்கு உண்மையாகவே தீங்கு நேர்ந்திருந்தால் தெய்வமாகிய நான் இங்கே வந்திருக்க மாட்டேன் என்ற கருத்தோடு பேச்சைத் தொடங்கி, இளைஞன் உயிரோடிருக்கிறான், அவன் கேடயத்தை அவசரத்தில் எடுத்துச் சென்ற வேறொருவனே இறந்தான் என்று சொல்லி, கடைசியில்தான் தன் பெயர் தூகே, அதாவது நற்பேறும் விதியுமானவள் என்று அறிவிக்கிறது. தாவோசோடு சேர்ந்து ஒரு காட்சி முழுவதும் துக்கம் காத்த பார்வையாளர், இப்போது அவரைவிட உயர்ந்த இருக்கைக்கு ஏற்றப்படுகின்றனர். ஆனால் தாவோசின் அழுகுரல் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். அறியாமல் அழுவது எத்தகையது என்பதை அவர்கள் அப்போதுதான் பட்டறிந்தனர்.

நம்மை உறங்கவிடாமல் செய்தது ‘கூந்தல் கொய்யப்பட்டவள்’ என்னும் நாடகம். கதை நடப்பது கொரிந்தில். படைத்தலைவன் பொலெமோனோடு வாழ்ந்துவந்தவள் கிளிகெரா. அண்டை வீட்டு இளைஞன் மொஸ்கியோன் துடுக்காக ஓடிவந்து அவளைத் தழுவி முத்தமிடுகிறான், அவள் தடுக்கவில்லை. அது கண்ணில் பட்டுவிடுகிறது. பொறாமையால் வெறிகொண்ட பொலெமோன் அவள் கூந்தலை அறுத்துவிடுகிறான்.

இதற்குப் பின் வரும் முன்னுரைத் தெய்வத்தின் பெயர் அக்னோயா, அறியாமை. அறியாமையே வந்து அனைத்தையும் அறிவிப்பது மெனாண்டரின் குறும்பு. கிளிகெராவும் மொஸ்கியோனும் இரட்டைக் குழந்தைகள், கைவிடப்பட்டவர்கள். அவர்களைக் கண்டெடுத்த மூதாட்டி பெண்ணைத் தான் வளர்த்து, ஆணைச் செல்வச் சீமாட்டி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டாள். இறக்குமுன், அறியாமையால் உடன்பிறந்தோரிடையே ஏதும் நேர்ந்துவிடக் கூடாதென்று அஞ்சி, பெண்ணிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டாள். அண்ணன் செல்வ மகனாக வாழ்கிறான். அவன் வாழ்வைக் கெடுக்க விரும்பாமல் கிளிகெரா வாய்திறக்கவில்லை. இவற்றைச் சொல்லிவிட்டு அக்னோயா மேலும் கூறுகிறாள்: பொலெமோனை இச்சினத்துக்கு இட்டுச்சென்றவள் நானே, அவன் இயல்பு அதுவன்று, இதனால்தான் மறைந்தவை வெளிப்பட்டு இவர்கள் தம் உறவினரைக் கண்டடைவர். எனவே இதைக் கண்டு எவரேனும் அருவருத்திருந்தால் மனத்தை மாற்றிக்கொள்ளட்டும், தெய்வத்தின் செயலால் தீமையும் நன்மைக்குத் திரும்பும் என்பது அவள் பேச்சின் சாரம்.

முதல் வாசிப்பில் இச்சொற்கள் நமக்கு இனித்தன. மறையுரைக்கு எடுத்துக்காட்டாகக் குறித்தும் வைத்தோம். இரண்டாம் வாசிப்பில் வேறொரு நினைவு குறுக்கிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் பங்கு இல்லத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். கணவர் சந்தேகத்தால் அடித்த அடியின் தடம் நெற்றியில் இருந்தது. அவர் சொல்லி முடிக்குமுன்னரே நாம், எல்லாம் நன்மைக்கே, ஆண்டவர் இதிலிருந்தும் ஒரு நல்லதைக் கொண்டுவருவார் என்றோம். “அது ஆண்டவருக்குத் தெரியும் சாமி, எனக்குத் தெரியலையே” என்று சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார். நாம் பேசியது அக்னோயாவின் பேச்சு. அவையோருக்கென எழுதப்பட்டதை மேடையில் நின்றவரிடம் ஒப்பித்துவிட்டோம்.

மெனாண்டர் இத்தவற்றைச் செய்யவில்லை என்பதே நம் கருத்து. பொலெமோனை மன்னிக்கத் தெய்வமே பரிந்துரைத்துவிட்டது. பார்வையாளர் அச்சம் நீங்கிச் சிரிக்கலாம். ஆனால் மேடையில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கிளிகெரா அண்டை வீட்டில் அடைக்கலம் புகுகிறாள். வீட்டைத் தாக்கி அவளை மீட்க வேண்டும் என்று துடிக்கும் பொலெமோனிடம், பட்டைகோஸ் என்னும் மூத்த நண்பர், அவள் உன் மணமுடித்த மனைவி அல்லள், தனக்குத் தானே தலைவி, வற்புறுத்த உனக்கு உரிமை இல்லை, இரந்து கேட்பது ஒன்றே வழி என்று சட்டத்தை எடுத்துரைக்கிறார். அவளைத் தன் மனைவியாகவே எண்ணியிருந்ததாகப் பொலெமோன் மன்றாடுகிறான். அவளுடைய ஆடைகளை வந்து பாருங்கள் என்று பட்டைகோசை உள்ளே இழுக்கிறான். சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே எழும் இடம் அது. கிளிகெராவோ எளிதில் இளகவில்லை. தன்னை இழிவுபடுத்தியவன் இனி வேறொருத்தியிடம் தன் முரட்டுத்தனத்தைக் காட்டட்டும் என்னும் பொருள்பட அவள் பேசுகிறாள். தெய்வம் நல்லதென்று சொல்லிவிட்ட செயலுக்கு இழிவு என்று பெயரிடும் உரிமையை ஆசிரியர் அவளுக்கு விட்டுவைத்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அந்நாடகத்தின் மாந்தருள் அறியாமைக்கு ஆட்படாதவள் கிளிகெரா ஒருத்தியே. மொஸ்கியோன் யாரென்று அவளுக்கு முன்னரே தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் கூந்தல் தப்பியிருக்கும். அண்ணனின் வாழ்வு குலைந்திருக்கும். தெரிந்தும் பேசாததால் துன்புற்றவளிடம், உன் துன்பம் அறியாமை ஆடிய ஆட்டம் என்று எவ்வாறு கூறுவது? இவ்விடத்தில் முன்னுரை தரும் விளக்கம் அவள்மேல் பொருந்தாமல் வழுக்கிவிடுகிறது. ஆசிரியர் இதை அறிந்தே செய்தார் என்று நாம் நம்புகிறோம்.

பிறகு அணிகலன்களும் பூவேலை செய்த துணிகளும் சான்றாக, பட்டைகோசே அவர்களுடைய தந்தை என்று தெரியவருகிறது. மனைவி பேறுகாலத்தில் இறக்க, ஏகேயக் கடலில் கப்பலும் மூழ்க, வறுமைக்கு அஞ்சிக் குழந்தைகளைக் கைவிட்டவர் அவர். பொலெமோனுக்குச் சட்டம் கற்பித்த அதே வாய் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே மெனாண்டர் சற்று விரைந்து கடந்துவிட்டார் என்றே நமக்குப் படுகிறது; தந்தையின் குற்றத்துக்கு மகள் கேட்கும் கணக்கு ஒன்று இருந்திருக்கலாம். மூன்று தாலந்து சீதனத்தோடு மகளைப் பொலெமோனுக்கு முறைப்படி மணமுடித்துக் கொடுக்கும் தந்தை, இனி நீ படைவீரன் என்பதை மறந்துவிடு, கண்மூடித்தனமாக எதையும் செய்யாதே என்கிறார். கிளிகெராவும் இறுதியில் மன்னிக்கிறாள்: உன் வெறிச்செயல் இப்போது எங்களுக்கு நன்மையின் தொடக்கமாகிவிட்டது, அதனால் என்னிடம் மன்னிப்புப் பெற்றாய் என்ற பொருளில் பேசுகிறாள். அக்னோயா தொடக்கத்தில் சொன்னதும் இதுவே. ஆனால் அவள் எவர் சொல்லியும் இதைச் சொல்லவில்லை. இழிவை இழிவென்று சொல்லி, தந்தையையும் அண்ணனையும் கண்டு, அவன் மனமுடைந்து நிற்பதையும் கண்டபின், தன் வாயால், தன் நேரத்தில் சொல்கிறாள்.

பின்னாளில் உரோமையின் தெரன்ஸ் இவ்வகை முன்னுரையைக் கைவிட்டார். கதைச் சுருக்கத்தை எதிர்பார்க்காதீர்கள், முதலில் வரும் முதியோர் பேச்சிலேயே அறிந்துகொள்வீர்கள் என்று சொல்லிவிட்டு, முன்னுரையைத் தம் எதிரிகளுக்கு விடை கூறும் மேடையாக்கினார். பார்வையாளரும் மாந்தரோடு சேர்ந்து இருளில் நடக்கட்டும் என்பது அவர் கொள்கை. அதில் ஒரு நேர்மை உண்டு. என்றாலும் அறிந்தவன் எவ்வாறு அமர்ந்திருக்க வேண்டும் என்னும் பயிற்சி அங்கே கிடைப்பதில்லை. மெனாண்டரின் அவையில் கிடைக்கிறது. முடிவு தெரிந்தும், மேடையேறிப் போய்ச் சொல்ல முடியாமல், அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இந்நாடகத்தில் நமக்குக் கிடைத்திருப்பது ஏறத்தாழப் பாதியே. 1905-இல் எகிப்தின் கோம் இஷ்காவ் என்னும் ஊரில், 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோஸ்கோருஸ் என்னும் கிறிஸ்தவ வழக்கறிஞரின் பத்திரங்கள் அடங்கிய சாடியின்மேல், அவற்றைக் காக்கும் பழந்தாள்களாக மெனாண்டரின் ஏடுகள் கிடந்தன. குஸ்தாவ் லெபேவ்ர் அவற்றைக் கண்டெடுத்தார். அக்னோயாவின் பேச்சு அவற்றில் இருக்கிறது. சற்றுமுன் நீங்கள் கண்ட இந்தப் பெண் என்று அவள் கிளிகெராவைச் சுட்டுகிறாள். தெய்வம் வருமுன்னரே அவையோர் அவளைப் பார்த்துவிட்டனர் என்பது அதனால் தெரிகிறது. அக்காட்சி அடங்கிய ஏடுகள் மட்டும் அழிந்துவிட்டன.

ஆனால் 2007-இல், சீடர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர் எனப் பெயர்பெற்ற அந்தியோக்கியாவில், உரோமைக் காலத்து வீடொன்றின் கல்பதித் தளம் வெளிப்பட்டது. மெனாண்டரின் நாடகக் காட்சிகள் அதில் வண்ணக் கற்களால் அமைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் இந்நாடகமும் ஒன்று. பொலெமோன் இருக்கையில் அமர்ந்திருக்கிறான். கிளிகெரா மேலாடையைத் தலைமேல் இழுத்துப் போர்த்தியபடி நிற்கிறாள்.